ஐந்தாவது பொட்டு

தம்பி,

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சிங்கக் கொடி ஏற்றிய வருடம் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, பழைய கொடிக்குப் பக்கத்திலேயே புதுக் கொடியையும் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பனிசும் ஒரு காகிதக் கொடியும் கொடுத்தார்கள். நீ பனிசைத் தின்றுவிட்டுக் கொடியை உன் அம்மாவின் கொழுந்துக் கூடையில் செருகிவைத்தாய். உனக்கு ஆறு வயது. அதே வருடக் கடைசியில்தான் நாமெல்லாம் இந்த நாட்டு மனிதர்கள் இல்லை என்று சட்டம் வந்தது. அந்தக் கொடிக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே, பங்குனி மாதத்தில், பன்னிரண்டு நாள் நான் கொழுந்து மலைக்கும் போகவில்லை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கும் போகவில்லை. ஒரு மனிதரின் பெட்டியைச் சுமந்துகொண்டு மலை மலையாகத் திரிந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தை ஹட்டன் கடையில் வைத்து மீரான் நானா இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். லெட்சுமியைத் தர அத்தைக்குச் சம்மதம், அப்பா உங்களுக்குத்தான் மனமில்லை, இல்லாத வீடு என்று மூன்று வருடமாகத் தட்டிக்கழிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். சொந்த மாமன் மகளைக் கட்ட யாரிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நம் ஆட்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, யார் போவது யார் இருப்பது என்று லயத்து வீடுகளிலெல்லாம் இதே பேச்சு, அவர்களை ஏற்றி அனுப்பிய பிறகா சரி சொல்லப் போகிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறாய். நீ கேட்டதெல்லாம் நியாயம். ஆனால் காரணம் நீ நினைக்கிறது இல்லை. நான் சொல்லச் சொல்ல நானா எழுதுகிறார். என் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது அவர் வேலை, எதையும் விடக்கூடாது என்பது என் நிபந்தனை. இரண்டு இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இதையும் எழுதத்தான் வேணுமா?” என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அந்த மாதம் கவ்வாத்துக் கத்தி நழுவி என் முழங்காலில் இறங்கியிருந்தது. மலை ஏறி வேலை செய்ய முடியாது, மெதுவாக நடக்கலாம். அப்போது கொழும்பிலிருந்து ஒரு பறங்கி மனிதர் துரை பங்களாவுக்கு வந்து தங்கினார். மலைகளைப் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவர். படக்கார ஐயா என்றுதான் நாங்கள் சொல்வோம். வழி காட்டவும் பெட்டி தூக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றதும் துரைக்குக் கீழே வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா என்னை அனுப்பினார். வர்ணப் பெட்டி, மடக்கு நாற்காலி, பெரிய கறுப்புக் குடை, இவற்றோடு சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு புத்தகம். தார்ப்பாய் அட்டை, கட்டுவதற்கு நாடா. அவர் பெட்டியை என்னிடம் தருவார், புத்தகத்தை மட்டும் தர மாட்டார். வட்டவளையில் ரயில் ரோட்டுக்கு மேலே ஒரு பாறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். திம்புள்ளப் பக்கம் மூன்று நாள் போனோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஊரும் தேதியும் எழுதுவார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சலிக்கவேயில்லை. மேகத்துக்கு அவர் வர்ணமே போட மாட்டார். சுற்றிலும் மலையைத் தீட்டிவிட்டு மேகம் இருக்கிற இடத்தைச் சும்மா விட்டுவிடுவார், வெறும் கடதாசி மேகமாகி நிற்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆட்களை வைப்பார். பயறளவு ஒரு பொட்டு, அதன் கீழே ஓர் இழுப்பு, அவ்வளவுதான் மனிதன். முகம் கிடையாது, கைவிரல் கிடையாது. ஆனாலும் இரண்டாம் நாளே ஒரு பொட்டைக் காட்டி, “இது நம்ம பங்களா மாட்டுக்காரருங்க” என்றேன். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். “எப்படி தெரிஞ்சது?” என்றார். “கழுத்த முன்னால நீட்டிக்கிட்டுத்தான் நடப்பாருங்க, மாட்டுக்கு முன்னால கழுத்து போகும்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகு ஒவ்வொரு படம் முடிந்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, “சொல்லு, இது யாரு?” என்று கேட்பார். நான் தப்பியதே இல்லை. தம்பி, நாற்பது வயது வரைக்கும் என்னைப் பார்த்து ‘உனக்கு எப்படித் தெரிந்தது’ என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு கடதாசியைப் பார்த்து நான் எதையாவது சொல்லி, அது சரியாகவும் இருந்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான். அது எனக்குக் கள்ளைப்போல ஏறிவிட்டது.

இன்னொரு பக்கம் லயத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கூரைத் தகரமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. முந்தின ஆடி மழையில் நம் லயத்தில் மட்டும் மூன்று பிள்ளைகள் குளிர்க் காய்ச்சலில் செத்துப்போயின. அடுத்த மழைக்குள் தகரம் மாற்ற வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கைநாட்டு வைக்கலாம் என்றார் உன் மாமா வீரமுத்து. என்னையும் கூப்பிட்டார். “மச்சான், ஒரு வெரல்தானே கேக்குறேன், கழுத்தையா கேக்குறேன்?” என்றார். “முழங்கால் ஆறட்டும் மாப்பிள” என்றேன். கைநாட்டு வைக்க முழங்கால் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் பயம் அவருக்குத் தெரியும். அதோடு விட்டுவிட்டார். உன் அம்மா அடுப்புப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் எங்கள் தோட்டத்திலேயே மேல்மலையில் உட்கார்ந்து வரைந்தார். கீழே சரிவில் அந்தத் தனித் தைலமரம். தூரிகை கழுவ நல்ல தண்ணீர் கொண்டுவா என்று என்னை ஓடைக்கு அனுப்பினார். நான் நொண்டிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் மரத்தடியில் சில ஆட்கள் கடதாசிக்கு வந்துவிட்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன், சரிவை மூடுபனி மறைத்துவிட்டது. படம் ஈரமாக இருந்தது, வெளிச்சமும் போய்விட்டது. அன்றைக்கு மட்டும் அவர் ‘இது யாரு’ என்று கேட்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

மறுநாள் விடியும்போது ஆபீஸ் வாசற்படியில் ஒரு கல்லுக்கடியில் மனு கிடந்தது. பெயர் ஒன்றுமில்லை. ஐந்து கைநாட்டு. பெருவிரல் ரேகையைப் பார்த்து ஆள் கண்டுபிடிக்க எந்தத் துரைக்குத் தெரியும்? அப்படி நினைத்துத்தான் அவர்கள் பெயர் போடாமல் வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் பெட்டி தூக்கப் பங்களாவுக்குப் போனேன். படக்கார ஐயா இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். முன்விறாந்தை மேசையில் மனு ஒரு பக்கம் கிடந்தது, நாடா அவிழ்த்த புத்தகம் ஒரு பக்கம் விரித்துக் கிடந்தது. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கண்டாக்கு ஐயா பக்கத்தில் நின்றார். தைலமரத்துப் படம், மரத்தடியில் ஐந்து பொட்டு.

“இது என்ன, மனுசனா எறும்பா?” என்றார் துரை.

“இவன் படத்தப் பாத்தே ஆளு சொல்றவனாம் தொர,” என்றார் கண்டாக்கு. “கைநாட்டு வைக்கச் சொன்னா பெருவெரல் எதுன்னு தேடுற பய.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்துவிட்டு நின்றிருக்க வேண்டும். ஆமாங்க தொர, ஒன்னும் தெரியாதுங்க என்று தலையைச் சொறிந்திருக்க வேண்டும். வேறு எத்தனையோ நாள் அப்படித்தான் நின்று தப்பித்திருக்கிறேன். அன்றைக்கு, “எறும்பு இல்லீங்க தொர, கண்ணு நல்லாருந்தா தெரியுங்க,” என்றேன்.

“சொல்லு பாப்போம்.”

“கம்பளிய நாலா மடிச்சுத் தலையில போட்டிருக்கிறது சடையன் அண்ணன். இந்தா, அக்குள்ல கத்திய இடுக்கியிருக்கிறது பழனி, வேற யாரும் அப்படி வச்சுக்க மாட்டாங்க, அறுத்துப்புடும். ஒத்தக் காலுக்குப் பாரம் குடுத்து இடுப்புல கை வச்சிருக்கிறது எங்க மச்சினன் வீரமுத்து. பக்கத்துல இடுப்ப ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டு நிக்கிறது அவரு பொஞ்சாதி ராக்கம்மா. இடுப்புல பிள்ள இருக்கு பாருங்க, சிவப்பா.”

அந்தக் கடுகளவு சிவப்புத்தான் தம்பி, நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பெண். அப்போது ஒன்றரை வயது.

கண்டாக்கு ஐயா சிரிப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. அவர் கையில் பென்சில் இருந்தது, அது ஓடிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். “அஞ்சாவது?” என்றார் துரை. குனிந்தேன். மற்றவர்களிடமிருந்து ஒரு சாண் தள்ளி நீலமாக ஓர் இழுப்பு. இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை மற்றப் பெண்களைவிட ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டி, முடிச்சை இடது பக்கம் செருகியிருந்தாள். இடதுகைக்காரி ஒருத்திதான் அப்படிக் கட்டுவாள். நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்த பக்கம். அது உன் அம்மா. அவள் அங்கே போயிருந்தாள் என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

“அது யாருன்னு தெரியலீங்க தொர,” என்றேன்.

இதைத்தான் நீ நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமாக என் மனதுக்கு நான் ஒரு சமாதானம் சொல்லிவந்தேன்: எழுத்தறியாதவன், ஏளனம் செய்தார்கள், பெருமைக்குச் சொல்லிவிட்டேன், விளையப்போவது தெரியாது என்று. அது பொய். நாலு பேரை அடுக்கடுக்காகச் சொன்ன வாய் ஐந்தாவதில் நின்றதே, ஏன் நின்றது? என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பென்சிலைப் பார்த்தபோதே தெரிந்திருந்தது. அப்படியும் ராக்கம்மாவைச் சொன்னேன். என் வீட்டுக்காரி என்றதும் கண் மங்கிவிட்டது.

படக்கார ஐயா தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. துரையோடு அவர்கள் பாஷையில் பேசினார், குரல் ஏறியது. அன்றைக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் ரயிலுக்குப் புறப்பட்டார், பெட்டியை ஸ்டேஷன் வரை நான்தான் சுமந்தேன். ரயில் வந்ததும் அந்தப் புத்தகத்தை முதல் தடவையாக என் கையில் கொடுத்தார். “நான் மலை மட்டும் வரைஞ்சது,” என்றார் அவருடைய உடைந்த தமிழில். “ஆள் நீ வரைஞ்சது. நீயே வச்சிரு.” அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கு முன்பே, மறுநாள் காலைப் பெரட்டிலேயே, மூன்று குடும்பத்துக்கும் பத்துச்சீட்டு கொடுத்தாகிவிட்டது. வேலையும் இல்லை, குடியிருக்கக் காம்பராவும் இல்லை, மூன்று நாளில் தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். யார் சொன்னது என்று லயம் பூராவும் ஒரே பேச்சு. படம் போட்டவர்தான் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அவர்களாகவே முடிவுகட்டினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. உன் மாமா சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டே என்னைக் கேட்டார். “மச்சான், நீங்க அந்த ஆளுகூடவே இருந்தீங்களே. ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதா?” “நான் வெளிய நின்னேன் மாப்பிள” என்றேன். “ஆமா, ஒங்கள எங்க உள்ள விடப்போறான்” என்று அவரே எனக்காக ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்.

உன் அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. “அஞ்சு பேரு வெரல் வச்சோம். நாலு பேரு போறாங்க. நான் போயி, அஞ்சாவது ஆளு நாந்தான்னு தொரகிட்ட சொல்லிப்புடுறேங்க” என்றாள். “பிள்ளையத் தெருவுல விடப்போறியா?” என்று உன்னைத் தூக்கி அவள் முன்னால் நிறுத்தினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். என் வெட்கத்துக்கு உன்னையும் முட்டுக்கொடுத்தேன் என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆடி பிறக்கும் முன் நம் லயத்துக்குப் புதுத் தகரம் போட்டார்கள். மனுவில் கேட்டபடியே. நீ நனையாமல் படுத்து, நனையாத புத்தகத்தில் படித்து, இன்றைக்கு வாத்தியாராக இருக்கிறாய். அந்தக் கூரையைக் கேட்டு வாங்கியவர்கள் ஒருத்தரும் அதன் கீழே படுக்கவில்லை. சீட்டில் என்ன எழுதியிருந்ததோ, எந்தத் தோட்டமும் அவர்களை எடுக்கவில்லை. பொகவந்தலாவையில் ஒரு கடைக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டிலில் உன் மாமா குடும்பம் இரண்டு வருடம் கிடந்தது, அதன்பிறகுதான் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. பிறகு பிரஜாவுரிமைக்கு எல்லோரும் மனுப் போட்டபோது, தொடர்ந்து எந்தத் தோட்டத்துச் செக்ரோல் ஆள்பதிவில் பெயர் இருந்தது என்று கேட்டார்கள். நமக்கு இருந்தது, கிடைத்தது. அவர்களுக்கு நடுவில் இரண்டு வருடம் வெறும் இடம். அந்தப் படத்து மேகம் மாதிரி, ஒன்றும் போடாமல் விட்ட இடம். இப்போது அத்தையும் லெட்சுமியும் போவார்களா இருப்பார்களா என்று நீ தவிக்கிறாயே, அந்தத் தவிப்பின் வேர் என் வாயில் இருக்கிறது.

புத்தகத்தைக் கூரைக்கடியில் அட்டத்தில் பழைய கம்பளிக்குள் ஒளித்துவைத்திருந்தேன். நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, கூரை துப்புரவு செய்த உன் அம்மா அதை எடுத்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். பாயில் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். வட்டவளை வந்தது, திம்புள்ள வந்தது, தைலமரம் வந்தது. “இதுல நான் எதுங்க?” என்று கேட்டாள். என் விரல் நேரே நீலத்துக்குப் போய்விட்டது, யோசிக்கவே இல்லை. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “குடையப் பாத்ததும் பழனி ஓடப்பாத்துச்சு. நாந்தான், பயப்படாதீங்க, மேல இருக்கிறது எங்க வீட்டு ஆளுன்னு சொன்னேன்.” என் விரல் இன்னும் நீலத்தின்மேலேயே இருந்தது. “இம்புட்டுத் தெளிவா தெரியுதே ஒங்களுக்கு” என்றாள். புத்தகத்தை மூடி, நாடாவைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் பொகவந்தலாவை பஸ் ஏறும்போது என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அப்பா ஏன் வரவில்லை என்று நீ கேட்பாய், அப்பாவுக்கு முழங்கால் வலி என்பாள். அந்த முழங்கால் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

உன் மாமா நெஞ்சு நோயில் போனபோது மட்டும் நான் போனேன், போகாமல் இருக்க முடியாது. முன்னால் நின்று தூக்கினேன். உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அவரு கூடப் பொறந்தவரு மாதிரி நீங்க ஒருத்தரு இருக்கீங்களே, அது போதும்ணே” என்று அழுதது. சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. லெட்சுமி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியது, வாங்கிக் குடித்தேன். மூன்று வருடமாக உன் கல்யாணப் பேச்சை நான் தள்ளியதற்குக் காரணம் அந்தத் தேத்தண்ணிதான். அந்தப் பெண் தினமும் எனக்கு ஊற்றிக் கொடுக்க, நான் தினமும் வாங்கிக் குடிக்க வேண்டுமே என்றுதான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் நீ வாத்தியார், ஒன்று சொல்கிறேன். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் பார்த்து, ‘இதுகூட உனக்குத் தெரியாதா’ என்று நாலு பேர் சிரிக்கக் கேட்காதே. அப்படிக் கேட்கப்பட்டவன் தனக்குத் தெரியும் என்று காட்ட எதையும் கொடுத்துவிடுவான். உன்னையும் யாராவது அப்படிக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வா. அதனால் குறைந்துபோனவன் யாருமில்லை.

இந்தக் கடிதத்தோடு புத்தகத்தையும் நானா கட்டி அனுப்புகிறார். என் சம்மதம் கேட்டாய். சம்மதம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. வருகிற ஞாயிறு பஸ் ஏறிப் போ. அத்தை முன்னால் உட்கார்ந்து, தைலமரத்துப் பக்கத்தைத் திறந்துவைத்து, இந்தக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்துக் காட்டு. எனக்காக ஒரு வரியையும் மெல்லமாக வாசிக்காதே. படக்கார ஐயாமேல் அநியாயமாக விழுந்த பழியையும் எடுத்துவிடு. கேட்ட பிறகும் பெண் தருகிறேன் என்றால் கட்டிக்கொள், நான் கல்யாணத்துக்கு வரலாமா கூடாதா என்பதையும் அதுவே சொல்லட்டும். தரமாட்டேன் என்றால், எழுந்து கும்பிட்டுவிட்டு வா. கோபம் வந்தால் அது என் பக்கம் வரட்டும்.

அந்த மரத்தடியில் விரல் வைத்தவர்கள் ஐந்து பேர். சடையன் அண்ணன் அந்த வருட மழையிலேயே ஒரு கடைத் தாழ்வாரத்தில் போய்விட்டார். பழனி கப்பலேறிப் போய் ஊரில் செத்ததாகக் கேள்வி. உன் மாமாவை நானே தூக்கினேன். உன் அம்மாவுக்கு நீ கொள்ளி வைத்தாய். மிச்சம் இருக்கிறது, என்னை இன்னும் அண்ணே என்று கூப்பிடுகிற ராக்கம்மா.